சின்ன பிஸ்டல் எது நல்லது என்று கேட்கும் ஹாஜியார்மாருக்கு

ஊர் உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வாசித்த பிறகு ஏசுவதென்றால் ஏசுங்கள்.

மூன்று கிழமைக்கு முன்னர் மகரிப் முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்ற எங்களை ஒரு ஹாஜியார் ஓரமாகக் கூப்பிட்டார். "சேர், நீங்க ஸயன்ஸ் படிப்பிக்கிற ஆள்தானே. சின்னதா, இடுப்பில வெச்சா வெளிய தெரியாத, இழுத்தாக் கட்டாயம் வெடிக்கிற பிஸ்டல் எது சேர் நல்லது?" என்று கேட்டார். நாங்கள் முதலில் பகிடி என்றுதான் நினைத்தோம். அவர் போனை எடுத்து அமெரிக்காக்காரர் ஒருவர் மேசையில் ஐந்தாறு பிஸ்டல்களைப் பரப்பி வைத்துக் கதைக்கிற வீடியோவைக் காட்டினார். கட்டாரில் இருக்கிற மகன் அனுப்பியதாம்.

காரணம் உங்களுக்கும் தெரியும். கடையை மூடிவிட்டுக் காசுப் பையோடு மோட்டார் சைக்கிளில் போன வியாபாரியை வயல் வீதியில் மறித்துப் பறித்தார்கள். தலையில் ஆறு தையல். அந்த இரவுக்குப் பிறகு ஊரில் வேறு கதையில்லை. இப்போது ஐந்து முதலாளிமார் சேர்ந்து துவக்கு லைசன்ஸுக்கு விண்ணப்பிக்கப் போகிறார்கள். பள்ளிவாசல் கடிதத் தலைப்பில் ஒரு சிபாரிசுக் கடிதமும் வேண்டுமாம். அதை நல்ல இங்கிலீசில் எழுதித் தருவது எங்கள் பொறுப்பாம். ஹாஜியாரிடம் சொல்லிவிட்டே இதை எழுதுகிறோம்: அந்தக் கடிதத்தை நாங்கள் எழுதப் போவதில்லை. ஏன் என்பதை ஒருவருக்கு மட்டும் காதுக்குள் சொல்வதைவிட எல்லாருக்கும் சொல்வது நல்லது என்று பட்டது.

முதலில் அவர் கேட்ட கேள்விக்கே வருவோம். கேள்வியைத் தட்டிவிட்டு உபதேசம் பண்ணுவது வாத்திமார் குணம். அதை இன்றைக்கு விடுவோம்.

அந்த வீடியோக்களில் வருகிற சாமான்கள் உண்மையிலேயே சின்னவைதான். ரூகர் எல்சிபி 2008இல் வந்தது, சட்டைப் பைக்குள் அடங்கும். அதே வருடம், கீழே விழுந்தால் தானாக வெடிக்கலாம் என்று கம்பனியே அவற்றைத் திருப்பி அழைத்துத் திருத்திக் கொடுத்தது. குளொக் 43 வந்தது 2015இல், மெகசினில் ஆறு ரவை. 2018இல் வந்த சிக் பி365 அரைக் கிலோ அளவுதான், ஆனால் மெகசினில் பத்து ரவை. எல்லாம் நன்றாகச் செய்யப்பட்ட இயந்திரங்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிற ஒரு கணக்கு இருக்கிறது. 8 கிராம் ரவை செக்கனுக்கு 350 மீற்றர் வேகத்தில் முன்னால் போனால், அதே உந்தம் பின்னால் உங்கள் கைக்கு வரும். துவக்கு ஒரு கிலோ என்றால் அது செக்கனுக்கு 3 மீற்றருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் பின்னால் உதைக்கும். அரைக் கிலோ என்றால் வேகம் இரண்டு மடங்கு, உதையின் சக்தியும் இரண்டு மடங்கு. ஆகவே மறைக்கச் சின்னதாக இருப்பது சுடுவதற்குக் கஷ்டமானது. பிடியில் இரண்டு விரல்தான் ஒழுங்காக நிற்கும், சுண்டு விரல் அந்தரத்தில் தொங்கும். மணிக்கட்டு தளர்ந்தால் மேலே இருக்கிற சிலைட் முழுதாகப் பின்னுக்குப் போகாது. வெற்றுக் கோது வெளியே வராமல் வாயிலேயே சிக்கிக்கொள்ளும். கண் வைத்துக் குறி பார்க்கும் தூரமும் கட்டை, அதனால் கை கொஞ்சம் அசைந்தாலும் ரவை எங்கோ போகும்.

ஆகவே ஹாஜியாரே, "கட்டாயம் வெடிக்கிற பிஸ்டல்" என்று நீங்கள் கேட்டதில் பாதி உங்கள் மணிக்கட்டில் இருக்கிறது. அந்த வீடியோக்காரரே சொல்வார், குறைந்தது இருநூறு ரவையாவது சிக்காமல் சுட்ட பிறகுதான் ஒரு பிஸ்டலை நம்பி இடுப்பில் வைக்கலாம் என்று. பிறகு மாதா மாதம் பயிற்சி. அவர்களுக்கு வீட்டுக்குக் கிட்ட சுடுமிடம் இருக்கிறது, கடையில் பெட்டி பெட்டியாக ரவை இருக்கிறது. நமக்கு? லைசன்ஸ் கிடைத்தாலும், எந்த வயலில் நின்று இருநூறு ரவை சுடப் போகிறீர்கள்? நாலாவது வெடிக்கு முன்னரே ஜீப் வந்துவிடும்.

உறை வேறு இருக்கிறது. விசை வளையத்தை முழுதாக மூடுகிற கெட்டியான உறையும் அதைத் தாங்குகிற தடித்த பெல்ட்டும் இல்லாமல் இந்த ஜாதிப் பிஸ்டலை இடுப்பில் செருகக் கூடாது, ஏனென்றால் குளொக் போன்றவற்றில் தனியாகப் பெருவிரலால் தள்ளிப் பூட்டுகிற பூட்டு கிடையாது. நமது முதலாளிமார் சாரனுக்கு மேல் கட்டுகிற அகலப் பட்டியில் காசு, திறப்பு, போன், வெற்றிலைப் பொட்டலம் எல்லாம் இருக்கும். அதற்குள் இதையும் வைத்து ருகூவுக்குக் குனிவதை யோசித்துப் பார்த்தோம். முன் ஸஃப்பில் நிற்பவர்களுக்காகத் துஆ கேட்டோம். கடற்கரை ஊரின் உப்புக் காற்றும் வேர்வையும் இரும்புக்கு என்ன செய்யும் என்பதைச் சைக்கிள் வைத்திருக்கிற எவரும் சொல்வார்கள்.

அது போகட்டும், எல்லாம் சரியாக அமைந்தது என்றே வைப்போம். நல்ல பிஸ்டல், நல்ல உறை, நல்ல பயிற்சி. எங்கள் வாதம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

எங்கள் வாப்பா ஹோம்கார்டாக இருந்தவர். 90ஆம் ஆண்டு என்ன நடந்தது என்று கிழக்கில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஓகஸ்ட் 3, காத்தான்குடியில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். அடுத்த கிழமை ஏறாவூர். அதற்குப் பிறகு வாப்பாவின் கையிலும் ஒரு தனிக் குழல் துவக்கு வந்தது. "அண்டைக்கு நம்மட ஆக்கள்ற இடுப்பில பிஸ்டல் இருந்திருந்தா" என்று இப்போது சில தம்பிமார் எழுதுகிறார்கள். ஸுஜூதில் இருந்தவர்களின் முதுகுக்குப் பின்னால் தானியங்கித் துவக்கோடும் குண்டோடும் வந்தவர்களுக்கு முன் ஆறு ரவை என்ன செய்திருக்கும் என்று ஷஹீதானவர்களின் குடும்பத்தில் ஒருவரிடம் போய்க் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

வாப்பாவுக்கு வருவோம். ஓர் இரவு வேலிப் பக்கம் சரசரப்பு. கரண்ட் இல்லை. வாப்பா எழும்பி, சுவரில் சாத்தியிருந்த துவக்கை எடுத்து, குழலை மடித்து, தலையணைக்குக் கீழே இருந்த தோட்டாவைத் தடவி எடுத்துப் போட்டு, நிமிர்த்தி, வேலியை நோக்கி நீட்டினார். அந்த நேரம் "வாப்பா, நான்" என்று சத்தம் வந்தது. எங்கள் காக்கா. கூட்டாளி வீட்டில் இருந்து களவாக வேலி பாய்ந்து வந்திருக்கிறார். வாப்பா துவக்கைக் கீழே வைத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து, சுபஹ் வரைக்கும் எழும்பவில்லை. காக்காவுக்கு இப்போது மூன்று பேரப்பிள்ளைகள்.

காக்காவைக் காப்பாற்றியது அந்தத் தோட்டாவைத் தடவி எடுத்த ஏழெட்டுச் செக்கன். இடுப்புப் பிஸ்டலை விற்பவர்கள் விற்பதே அந்தச் செக்கன்கள் இல்லாமல் போவதைத்தான். ரவை ஏற்றியபடியே இருக்கும், பூட்டு இல்லை, ஒரு செக்கனில் வெளியே வரும் என்பதுதான் அதன் பெருமை.

சரி, கள்ளனுக்கு முன்னால் அந்த வேகம் உதவுமே என்பீர்கள். அங்கேயும் செக்கன்கள் உங்கள் கையில் இல்லை. டெனிஸ் டூலர் என்ற அமெரிக்கப் பொலிஸ் பயிற்சியாளர் 1983இல் எழுதி வைத்த கணக்கு இது: கத்தியோடு ஓடி வருகிறவன் 21 அடியைக் கடக்க ஏறத்தாழ ஒன்றரைச் செக்கன் போதும். பயிற்சி பெற்ற பொலிஸ்காரர் திறந்த உறையில் இருந்து துவக்கை எடுத்துச் சுடவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் வேண்டும். நமது வியாபாரியை மறித்தவர்கள் 21 அடி தள்ளி நின்று ஸலாம் சொல்லிவிட்டு வரவில்லை. இருட்டில், பின்னால் இருந்து, தலையில் அடித்தார்கள். அவர் இடுப்பில் பிஸ்டல் இருந்திருந்தால் காசோடு அதுவும் போயிருக்கும். அடுத்த மறியலில் அது நம்மை நோக்கி நீட்டப்பட்டிருக்கும். 2025 பெப்ரவரி 19இல் புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே, பொலிஸாரும் சிறைக் காவலரும் இருக்கும்போதே, புத்தகத்தைக் குடைந்து மறைத்துக் கொண்டுவந்த ரிவோல்வரால் கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டார்கள். நேரத்தையும் இடத்தையும் தெரிவு செய்கிறவன் தாக்க வருகிறவன்தான்.

ஆனால் கோபத்தில் நாம் தாக்கப் போகும்போது அந்த ஒரு செக்கன் நன்றாக வேலை செய்யும். எங்களுக்குப் பயம் இதுதான். திகனயை மறந்துவிட்டோமா? 2018 பெப்ரவரியில் தெல்தெனியப் பக்கம் வீதியில் ஒரு வாகனத் தகராறு. நமது பொடியன்மார் நாலு பேர் ஒரு சிங்கள லொறி சாரதியை அடித்தார்கள். அவர் மார்ச் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியில் மௌத்தானார். அதற்குப் பிறகு எத்தனை கடை, எத்தனை பள்ளிவாசல், எத்தனை வீடு எரிந்தது. எரித்தவர்களின் குற்றம் எரித்தவர்களுடையது, அதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் துவக்கே இல்லாமல் தொடங்கியது அப்படி முடிந்தது. நாளைக்கு சந்தியில் பஸ்காரனோடு வாய்த்தர்க்கப்படுகிற நமது முதலாளி ஒருவரின் இடுப்பில் நிரப்பிய பிஸ்டல் இருந்தால்? பெருநாள் சந்தையில் விலைக்குச் சண்டை பிடித்து அறைந்துவிட்டு அடுத்த நாள் மாப்புக் கேட்டவர்கள் நமக்குள் இல்லையா? சுட்ட பிறகு மாப்புக் கேட்க ஆள் இருக்காது.

2019இல் ஏப்ரலுக்குப் பிறகு வீட்டில் கிடந்த பழைய வாளுக்கும் கத்திக்கும் பதில் சொல்லத் தெரியாமல் எத்தனை குடும்பம் தவித்தது. அந்தச் சோதனைகளின் நடுவில், லைசன்ஸ் இருக்கட்டும் இல்லாமல் இருக்கட்டும், ஒரு முஸ்லிமின் இடுப்பில் மறைத்த பிஸ்டல் அகப்பட்டிருந்தால் அன்றிரவுச் செய்தியில் எப்படி வந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா?

லைசன்ஸைப் பற்றியும் ஊரில் பிழையான கதைகள் ஓடுகின்றன. 1916ஆம் ஆண்டுத் துவக்குச் சட்டம் இன்றும் இருக்கிறது. தற்பாதுகாப்புக்குத் துவக்குத் தருவது பாதுகாப்பு அமைச்சு. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். 2024 கடைசியில், கொடுத்த துவக்குகளையே மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னது அதே அமைச்சுத்தான். வீடியோவில் பார்த்து மொடல் தெரிவு செய்து கடைக்குப் போய்க் கையில் பிடித்துப் பார்த்து வாங்க இது டெக்சாஸ் இல்லை. சுட்டால் என்ன நடக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நமது தண்டனைச் சட்டக்கோவை தற்காப்பு உரிமையைத் தருகிறது, ஆனால் தேவைக்கு மேலான தீங்குக்கு அங்கே இடமில்லை. காசைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டால் கூண்டில் நிற்கப் போவது நீங்கள்.

ஒரு மௌலவித் தம்பி எங்களுக்கு ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸை அனுப்பியிருந்தார். ஏற்றுக்கொள்கிறோம். கட்டத்தான் வேண்டும். அம்போடு பள்ளிவாசலுக்குள்ளோ சந்தைக்குள்ளோ போகிறவர் அதன் முனையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதும், சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்ட வேண்டாம், ஷைத்தான் கையைத் தட்டிவிடலாம் என்று எச்சரித்ததும் அவருக்குத் தெரியாமல் இருக்காது. அதையும் சேர்த்து அனுப்பியிருந்தால் பிரயோசனமாக இருந்திருக்கும்.

வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது வாத்தியாக எங்களுக்குத் தெரிந்தது. பிள்ளைகளுக்கு வீட்டில் எது எங்கே ஒளித்திருக்கிறது என்று தெரியும். பெருநாள் காசு எந்த அலுமாரியில், மூத்த காக்காவின் போனுக்கு என்ன நம்பர், எல்லாம் தெரியும். துவக்கு நிறைந்த அமெரிக்காவில் துவக்கால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தங்களைத் தாங்களே சுட்டுக்கொள்கிறவர்கள். பரீட்சை முடிவு வருகிற கிழமையில் எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கிழமையில் அந்த அலுமாரிக்குள் என்ன இருக்கக் கூடாது என்று விளங்கும்.

அப்படியானால் என்ன செய்வது என்று கேட்பீர்கள், கேட்க வேண்டும். ஆறு தையல் போட்ட மனிதனுக்கு இந்தப் பதிவு மருந்தில்லை. ஐந்து முதலாளிமார் பிஸ்டலுக்குச் செலவழிக்க வைத்திருக்கிற காசில் வயல் வீதியின் அந்த ஒன்றரைக் கிலோமீற்றருக்கு சோலார் லைற் போடலாம், இரண்டு முனையிலும் கெமரா வைக்கலாம். பிரதேச சபைக்கு மூன்று தடவை எழுதியும் பதில் வராத லைற்றுகள்தான் அவை. நாலாவது கடிதத்தை நாங்கள் எழுதித் தருகிறோம், இங்கிலீசிலும், சிங்களத்திலும்கூட. கடைக்காரர்கள் ஒவ்வொருவராக ஒவ்வொரு நேரத்தில் பை தூக்கிக்கொண்டு போவதை விட்டு, ஒரே நேரத்தில் மூடி, நாலைந்து பேராக ஒன்றாகப் போகலாம். நோன்பு காலத்தில் தறாவீஹ் முடிந்து அப்படித்தானே போகிறோம், அப்போது யாரும் மறிப்பதில்லை. அன்றைய வசூலை அன்றே வங்கி இயந்திரத்தில் போடுவதற்குச் சோம்பல் படுகிறவர்கள், பிஸ்டலைத் தினமும் துடைத்து எண்ணெய் போடுவோம் என்று சொல்வதை எப்படி நம்புவது, சொல்லுங்கள்.

வியாழன் இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசல் மேல்மாடியில் இதைப் பற்றிக் கூடுவதற்கு நிர்வாகம் சம்மதித்திருக்கிறது. துவக்குத்தான் வேண்டும் என்கிறவர்களும் வாருங்கள். முகத்துக்கு நேரே பேசுவோம்.

ஹாஜியாரே, உங்கள் விண்ணப்பப் பைல் இன்னும் எங்கள் மேசையில்தான் இருக்கிறது. பக்குவமாக வைத்திருக்கிறோம். அசருக்குப் பிறகு வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம், தேத்தண்ணியும் குடிக்கலாம். சீனி போடாமல்தான், உங்கள் மகள் எங்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்.