கண் அயர்ந்தது ஆருடைய குற்றம்?



போன மாதம் இரவு வேலை முடிஞ்சு 401 நெடுஞ்சாலையால வீட்டுக்கு வந்துகொண்டிருந்தனான். திடீரெண்டு ரயருக்குக் கீழை 'டர்ர்ர்' எண்டு ஒரு சத்தம், ஸ்டியரிங் கையில நடுங்கிச்சுது. கார் கோட்டைத் தாண்டி வீதி ஓரத்துக்குப் போயிருந்தது. கண் அயர்ந்ததே எனக்குத் தெரியாது. தார் ஓரத்தில் செதுக்கிவிட்ட சின்னச் சின்னப் பள்ளங்கள்தான் என்னை எழுப்பின.

"நித்திரை வந்தா ஓரமா நிப்பாட்டிப் படுத்திட்டு வாறதுதானே அண்ணை?" எண்டார் ஒரு தோழர். சரிதான். ஆனா பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் ஆர் விடுறது?

அமெரிக்காவில் வீதி மரணங்களில் ஏறக்குறையப் பாதி, வாகனம் தன் பாதையை விட்டு விலகுவதால் நேர்பவை. 'சாரதி கட்டுப்பாட்டை இழந்தார்' என்ற ஒரு வரியோடு செய்தி முடிந்துவிடும். சுவீடன் நாடாளுமன்றம் 1997இல் வேறு விதமாக யோசித்தது. மனிதர் பிழைவிடத்தான் செய்வார். அந்தப் பிழைக்கு மரணம் தண்டனையாகாதபடி வீதியை அமை என்றது. எதிரெதிர் வாகனங்களுக்கு நடுவே கம்பிவடத் தடுப்புகள் வந்தன.

இன்னும் மலிவான வழிகளும் உண்டு. தாரின் விளிம்பு செங்குத்தாக இருந்தால், கீழே இறங்கிய சில்லை மேலே ஏற்ற சாரதி ஸ்டியரிங்கை வெட்டி இழுப்பார். ஏறிய வேகத்தில் கார் எதிர்ப்பக்கம் பாயும், அல்லது புரளும். தார் போடும்போதே விளிம்பை 30 பாகை சரிவாக அமுக்கிவிட்டால் சில்லு அலுங்காமல் ஏறிவிடும். இதுக்கு என்ன பெரிய செலவு?

ஆனால் வீதியோடு மட்டும் கதை முடியாது. 17 மணித்தியாலம் விழித்திருந்தவரின் நிதானம், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவருடையதைப் போன்றது. கனடாவில் லொறிச் சாரதி ஒரு நாளில் 13 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. இரண்டு வேலை செய்து தன் காரில் வீடு திரும்பும் களஞ்சியத் தொழிலாளிக்கு அப்படி ஒரு கணக்கும் இல்லை. 2007 மார்ச்சில் அபொட்ஸ்ஃபோர்டில் 17 பேரை ஏற்றிய வான் ஒன்று கவிழ்ந்து, பண்ணைத் தொழிலாளப் பெண்கள் மூவர் இறந்தார்கள். உள்ளே மரவாங்குகள், ஆசனப்பட்டிகளும் போதாது. அதையும் சாரதியின் பிழை எண்டு மட்டும் எழுதிவிடலாமா?

அடுத்த கூட்டத்துக்கு வாறவை உங்கட வேலைநேர அட்டவணையைக் கையோடை கொண்டு வாங்கோ. இரவு வேலை முடிஞ்சு வாறவையைக் கூட்டிவர ஆள் அனுப்புறம். தயவுசெய்து நீங்கள் ஓடிக்கொண்டு வராதேங்கோ.