வெயில் இருக்கிறது, சொல்லத்தான் ஆள் இல்லை

வையம்பட்டி ஒன்றியத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மானாவாரிக் காடுகளிலும் நூறு நாள் வேலையிலும் நம் பெண்கள் நாள் முழுக்க அந்த வெயிலில்தான் நிற்கிறார்கள். வெயில் பட்டால் உடம்பிலேயே உண்டாகும் வைட்டமின் டி, இவர்கள் பெற்ற பிள்ளைகளுக்குக் குறையுமா என்று கேட்டால் பலருக்கும் நம்ப முடியாது. ஆனால் குறைகிறது. 2016-18இல் மத்திய அரசு நடத்திய தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, நாட்டில் 1 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளில் 14 விழுக்காட்டினருக்கும், 5 முதல் 9 வயது வரையுள்ளவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் இந்தக் குறைபாடு இருப்பதாகச் சொல்கிறது.

சாப்பாட்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள இந்த வைட்டமின் வேண்டும். அது இல்லாவிட்டால் எலும்பு வலுப்பெறாது. உச்சிக்குழி மூடத் தாமதமாகும்; பல் முளைக்கவும் நடக்கவும் நாளாகும்; மணிக்கட்டு புடைக்கும்; கால் வளையும். சில கைக்குழந்தைகளுக்கு வலிப்பும் வரும். இதைச் சாமி குற்றம் என்றோ பரம்பரை வாகு என்றோ விட்டுவிடக் கூடாது.

தாய் வெயிலில் நிற்கிறாள். குழந்தை வீட்டுக்குள் தூளியில் கிடக்கிறது. வெளியே தூக்கினால், "பிள்ளை கறுத்துப்போகும்" என்கிறார்கள். நிறத்தைப் பார்த்துச் சாதியை எடைபோடும் சமூகத்தில் அந்தப் பயம் தாய்க்குத் தானாக வந்ததல்ல. கறுப்பு குறையல்ல; வெயிலின் கேட்டிலிருந்து தோலைக் காப்பது அந்த நிறம்தான். ஆனால் அதே காரணத்தால் கறுத்த தோலில் வைட்டமின் டி உண்டாகக் கூடுதல் நேரம் பிடிக்கும். காலை ஏழு மணி இளவெயிலில் அதற்கான கதிர் மிகக் குறைவு. கதிர் மிகுந்த நண்பகல் வெயிலில் பச்சிளம் குழந்தையை வெகுநேரம் வைத்திருக்கவும் முடியாது.

தாய்ப்பாலுக்கு ஈடில்லை, அதை நிறுத்தவே கூடாது. ஆனால் இந்த ஒரு சத்து அதில் மிகக் குறைவு. அதனால்தான் பிறந்தது முதல் ஒரு வயது வரை தினமும் 400 அலகு வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். மருந்துக்கு மருந்து செறிவு மாறும். ஆகவே அளவை மருத்துவரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேட்டே கொடுக்க வேண்டும். அளவு மீறினாலும் ஆபத்து.

இதைத் தாய்க்கு யார் சொல்வது? சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை 1 அன்று தொடங்கியது நம் திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில்தான். இன்று அங்கன்வாடியில் முட்டையும் தருகிறார்கள். நல்லது. ஆனால் ஒரு முட்டையில் கிடைப்பது சுமார் 40 அலகுதான். முட்டையோடு செய்தியும் வர வேண்டும். அங்கன்வாடி ஊர்த்தெருவில் இருந்து, காலனித் தாய் அங்கே தயங்கி நின்றால், முட்டையும் வராது, செய்தியும் வராது.

உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004லேயே தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் குடியிருப்புகள் அனைத்திலும் அங்கன்வாடி வேண்டும் என்றது. 2006 டிசம்பர் 13 அன்று, ஆறு வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகள் உள்ள குடியிருப்பில் மையம் இல்லாவிட்டால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. இது சலுகை அல்ல, உரிமை.

எனவே வையம்பட்டி ஒன்றியத் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான். உங்கள் காலனியில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் கணக்கெடுங்கள். மையம் இல்லையென்றால் அடுத்த கிராம சபையில் எழுத்தில் கேளுங்கள். மையம் இருந்தால், கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கொடுக்கத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். கல்லூரிக்குப் போகும் தம்பி, தங்கைகள் இந்தப் பத்தியைத் தெருவில் உள்ள அம்மாக்களுக்குப் படித்துக் காட்டட்டும்.

தெரியாததற்காகத் தாயைக் குறை சொல்வது எளிது. அவளுக்குத் தெரியப்படுத்த வேண்டியவர்கள் தெருவுக்குள் வந்தார்களா என்பதே நம் கேள்வி.