நாற்காலி கொடுத்தால் மட்டும் போதுமா?

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அப்போரில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தோர் பலர் இன்றும் வடபுலத்து வீடுகளில் வாழ்கின்றனர். பனையிலிருந்து விழும் சீவல் தொழிலாளரும் வீதி விபத்தில் சிக்கும் இளைஞரும் அவர்களோடு சேர்ந்துகொண்டிருக்கின்றனர். குண்டுக்குத் தப்பிய உயிரைப் பின்னாளில் பறிக்க வல்லது படுக்கைப் புண்.

ஒரே நிலையில் இருந்தால் நமக்கு வலிக்கிறது. உறக்கத்திலும் புரண்டு படுக்கிறோம். உணர்வற்ற உடலுக்கு அந்த எச்சரிக்கை இல்லை. எலும்புக்கும் படுக்கைக்கும் இடையில் நசுங்கும் தசைக்குக் குருதி செல்லாமல், சில மணி நேரத்திலேயே அது இறக்கத் தொடங்குகிறது. கறுத்த தோலில் தொடக்கச் சிவப்பு எளிதில் தெரியாது. சூட்டையும் தடிப்பையும் தொட்டே அறிய வேண்டும். கவனியாது விட்டால் புண் எலும்பைத் தொடும்; குருதியில் நஞ்சேறும்.

1944இல் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் மருத்துவமனையில் இத்தகையோருக்கான பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், இரவு பகலாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளரைத் திருப்பிப் படுக்கவைத்தார். அந்த ஒழுங்கு பல உயிர்களைக் காத்தது. வசதி படைத்தோருக்கும் இதில் விலக்கில்லை. ஹொலிவூட் நடிகர் கிறிஸ்ரோபர் ரீவ், தொற்றுற்ற படுக்கைப் புண்ணுக்குச் சிகிச்சை பெற்றுவந்த நிலையில்தான் 2004 ஒக்ரோபரில் காலமானார்.

நாமோ சக்கர நாற்காலியை விழா எடுத்து வழங்குகிறோம், படமும் பிடிக்கிறோம். அதன்மேல் இடவேண்டிய அழுத்தம் குறைக்கும் மெத்தையை மறந்துவிடுகிறோம். வெறும் இருக்கையில் நாள் முழுதும் அமர்பவருக்கு அந்த நாற்காலியே புண்ணைத் தரும். புண் வந்தபின் மருந்து கட்டினால் மட்டும் போதாது. அவ்விடத்தில் அழுத்தம் படாதிருக்க வேண்டும். இறந்த தசையை அகற்ற வேண்டும். முட்டை, மீன், பருப்பு என்று புரதம் மிக்க உணவு வேண்டும். அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு இவை எளிதானவையல்ல.

ஆளணி இல்லை, பணம் இல்லை என்பர். ஆழ்ந்த புண்ணொன்று மாதக்கணக்கில் வைத்தியசாலைக் கட்டிலையும் சத்திரசிகிச்சையையும் கேட்கும். அதனோடு ஒப்பிட்டால் மெத்தையின் விலை அற்பம். கர்ப்பிணியின் வீடு தேடிக் குடும்பநல மாது செல்லும் நல்வழக்கம் இந்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. அவ்வாறே ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்தும் பயிற்சி பெற்ற தாதி ஒருவர் இவர்களின் வீடுகளுக்கும் செல்ல வேண்டும். தோலைப் பார்ப்பதோடு, பராமரிக்கும் தாய்க்கும் மனைவிக்கும் அவர் வழிகாட்ட வேண்டும். அவர்களும் இரவெல்லாம் விழித்திருப்பவர்களே.

புலம்பெயர்ந்த உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நாற்காலி அனுப்பும்போது மெத்தையையும் சேர்த்தே அனுப்புங்கள். ஓராண்டு கழித்து, அது இன்னும் பயன்படும் நிலையில் உள்ளதா என்று ஒருமுறை கேளுங்கள்.