கியரை எண்ணுறோம், பிரேக்கைப் பார்க்கிறதில்ல

 

2022 பெற்றோல் கியூ காலத்துல வாங்கின சைக்கிள்களை இப்ப பிள்ளைகள் ஓடுறாங்க. சந்தோஷம், உடம்புக்கும் நல்லது. ஆனா போன வாரம் எங்கட வகுப்புப் பிள்ளை ஒருத்தன்ட சைக்கிளைப் பார்த்தேன். பின் பிரேக் வயர் ஒரே ஒரு இழையில தொங்குது. "மெதுவாத்தான் போவேன் சேர்" என்றான்.

அப்புத்தளையில இருந்து பெரகல சந்திக்கு எப்படி மெதுவா வாறது? முழுக்க வளைவும் இறக்கமும். கீழே கொழும்பு - மட்டக்களப்பு வீதி, பஸ், லொறி.

ஏற முடியாட்டி இறங்கித் தள்ளலாம், நானும் தள்ளுறவன்தான். அதுக்குக் கியர் தேவையில்ல. இறங்கத்தான் பிரேக் வேணும்.

பிரேக் ரப்பர்ல இருக்கிற வெட்டு அழிஞ்சிருந்தா உடனே மாத்துங்க. இழை பிரிஞ்ச வயரையும் வச்சிருக்க வேணாம். செயினுக்கு விடுற எண்ணெய் ரிம்மில படக் கூடாது. நனைஞ்ச ரிம் உடனே பிடிக்காது, மழையில தூரத்துலயே பிடிக்கணும். பிடிச்ச பிடியில இறங்கினா ரிம் சூடாகும். விட்டு விட்டு, ரெண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லிக் கொடுங்க.

அந்தப் பிள்ளைட வாப்பாவும் இதை வாசிப்பார். புது வயர் வாங்கி வாங்க, ஸ்பேனர் என்னிடம் இருக்கு.