ராத்திரி பூரா ஓட்டுற வீரர்களுக்கு

ஏப்ரல் மாசம் பொறந்தா போதும், எங்க புனே தமிழ்க் குடும்பங்களோட வாட்ஸ்அப் குழுவுல இந்தப் பேச்சு ஆரம்பிச்சிடும். "இந்த வருஷம் கார்லயே ஊருக்குப் போறோம், ரூட் சொல்லுங்க"ன்னு யாராவது அப்பாவியா கேப்பாங்க. அடுத்த நிமிஷமே ஒருத்தர் வருவார். "போன வருஷம் சாயங்காலம் ஆறு மணிக்குக் கெளம்பினேன், மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்கு மதுரை. பத்தொம்பது மணி நேரம். டீக்கு மட்டும்தான் நிறுத்தம்." இருபது பேர் கட்டைவிரல் குத்துவாங்க. அதுக்கும் மேல இன்னொரு வீரர் பதினெட்டரை மணி நேரக் கணக்கோட வருவார்.

நானும் ஒரு காலத்துல கட்டைவிரல் குத்தினவன்தான். குத்தினது மட்டுமில்ல, பீத்திக்கிட்டவன். அந்த உரிமையில இதை எழுதறேன். கோபம் வந்தா வரட்டும்.

புனேயிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 840 கிலோமீட்டர். அங்கிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர், சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் வழியா மதுரை இன்னொரு 435. ஆக 1275 கிலோமீட்டர். ரோடு நல்லாத்தான் இருக்கு, இல்லைன்னு சொல்லல. தங்க நாற்கரத் திட்டம் வந்த பிறகு அந்தப் பழைய என்.எச். 4 ஆளே மாறிப்போச்சு, பேரும் இப்ப 48 ஆயிடுச்சு. பிரச்சினை ரோட்டுல இல்ல. ஓட்டுறவன் கண்ணுல.

2017 மே மாசம். வெள்ளிக்கிழமை. அன்னைக்கும் காலைல ஆறரைக்கு எந்திரிச்சு, வழக்கம்போல ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு, ஏழு மணிக்கு வீட்டு வாசல்லயிருந்து வண்டியை எடுத்தேன். முன்னாடி தங்கமணி. பின்னாடி எங்க அப்பா, ரெண்டு பக்கமும் பசங்க. அப்பாவுக்கு அப்ப எழுபத்தொண்ணு. சாத்தாராவுல சாப்பாடு, கோலாப்பூர் தாண்டி ஒரு டீ, பெலகாவிக்கு முன்னால இன்னொரு டீ. பாட்டு, அரட்டை, எல்லாம் அமர்க்களம். ஒரு மணிக்குப் பசங்க தூங்கிட்டாங்க. ரெண்டு மணிக்குப் பாட்டும் நின்னுபோச்சு. "ஏதாவது பேசிக்கிட்டே வா"ன்னு தங்கமணிகிட்ட சொல்லியிருந்தேன். அவளும் பாவம், பேச விஷயமே இல்லாம ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் பேர்லேர்ந்து ஆரம்பிச்சு என்னென்னமோ சொல்லிக்கிட்டு வந்தா.

ஹூப்ளி தாண்டி, ஹாவேரிக்கு முன்னால. மணி மூணு நாப்பது. எனக்குத் தூக்கம் வந்த ஞாபகமே இல்ல. அதுதான் இதுல பயங்கரம். கொட்டாவி இல்ல, கண் எரிச்சல் இல்ல. தங்கமணியோட அலறல்தான் கேட்டுச்சு. எதிர்ல ஒரு லாரி, இடது பக்கம் பாதி ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்குது. பின்னாடி ஒரு சிவப்பு லைட் கூட இல்ல. வலது பக்கம் ஒடிச்சேன். வலது பக்கம் காலியா இருந்தது எங்க நல்ல நேரம். கண்ணாடி மட்டும் உரசி மடங்குச்சு. இருநூறு மீட்டர் தள்ளி ஓரமா நிறுத்திட்டு ஸ்டியரிங்கைப் புடிச்ச கையை எடுக்க முடியல.

பசங்க முழிக்கவே இல்ல. அப்பா முழிச்சுத்தான் இருந்தார். ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஒரு நிமிஷம் எறங்கிக்கட்டுமாப்பா?"ன்னு கேட்டார். ரோட்டோரத்துல இருட்டுல போய் நின்னுட்டு வந்தார். வர்றப்ப காலை இழுத்து இழுத்து வச்சார். பாதம் ரெண்டும் செருப்புக்குள்ள நுழையல, அவ்வளவு வீக்கம்.

ஊர் போய்ச் சேர்ந்த பிறகு அம்மாகிட்ட சொல்லியிருக்கார்: "அவன் நேரக் கணக்குப் போட்டு ஓட்டிக்கிட்டு வர்றான். அடிக்கடி நிறுத்தச் சொன்னா சங்கடப்படுவான். அதான் சாத்தாராவுக்கு அப்புறம் தண்ணியே குடிக்கல."

எட்டரை மணி நேரம். மே மாசத்துல. என்னோட பத்தொம்பது மணி நேர ரெக்கார்டுக்காக எங்க அப்பா தண்ணி குடிக்காம வந்திருக்கார். அதைக் கேட்டதுக்கப்புறம் எனக்கு அந்த லாரி கூடப் பெரிசாத் தெரியல.

இப்ப வீரர்களோட வாதத்துக்கு வருவோம்.

"ராத்திரி ட்ராஃபிக் இருக்காது, ஜாலியா ஓட்டலாம்." ட்ராஃபிக் இல்லாததுதான்யா தூங்க வைக்குது. பகல்ல ஆட்டோக்காரன் குறுக்க வருவான், மாடு வரும், நம்மளை முழிக்க வச்சிருப்பாங்க. விடியக்காலம் ரெண்டு மணிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் உடம்பு தன் கடிகாரப்படி தூங்கற நேரம். டீ, காபி, ஜன்னலைத் திறந்து காத்து, மூஞ்சில தண்ணி, எதுவும் அந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. கொஞ்ச நேரம் ஏமாத்தும், அவ்வளவுதான். மணிக்கு நூறு கிலோமீட்டர்ல போறப்ப மூணே மூணு செகண்டு கண் சொக்கினா வண்டி 83 மீட்டர் போயிருக்கும், டிரைவர் இல்லாம.

அடுத்தது, "நமக்கெல்லாம் பழக்கம் பாஸ்." 1997-ல ஆஸ்திரேலியாவுல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதிச்சு நேச்சர் இதழ்ல எழுதினாங்க. தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருக்கிற ஆளோட தடுமாற்றம், ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிற ஆளோட தடுமாற்றத்துக்குச் சமம். நம்ம நாட்டுச் சட்டத்துல போலீஸ் ஊதச் சொல்லிப் புடிக்கிற அளவு 0.03. நான் ஆறரைக்கு எந்திரிச்சவன். 17 மணி நேரம் ராத்திரி பதினொண்ணரைக்கே முடிஞ்சுபோச்சு. ஆக கோலாப்பூர் பக்கமே நான் குடிகாரன் கணக்குதான், அதுக்கு மேலயும் நாலு மணி நேரம் ஓட்டியிருக்கேன். அப்பா, பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு. தண்ணி போட்டுட்டு ஓட்டினேன்னு எவனாவது குழுவுல போட்டா இருபது பேர் கட்டைவிரல் குத்துவீங்களா?

2022-ல இந்தியாவுல ரோட்டு விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். மத்திய அரசோட கணக்கு. இதே கணக்குல ஒவ்வொரு வருஷமும் விபத்து அதிகமா நடக்கற நேரம்னு வர்றது சாயங்காலம் ஆறுலேர்ந்து ஒன்பது. ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு அந்த மூணு மணி நேரத்துல. நீங்க ஆபீஸ் முடிஞ்சு கெளம்பற நேரம் அதுதான்.

பஸ், லாரி டிரைவருங்களுக்கு 1961-லயே ஒரு சட்டம் போட்டாங்க. ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, அஞ்சு மணி நேரத்துக்கு மேல இடைவேளை இல்லாம ஓட்டக் கூடாதுன்னு. அதை எத்தனை முதலாளி மதிச்சான்ங்கறது வேற கதை. ஆனா அந்தத் தொழில்லயே இருக்கிறவனுக்கு எட்டு மணி நேரம். வருஷம் பூரா பொட்டி தட்டிட்டு, வாரத்துக்கு ஒரு தடவை டி-மார்ட் வரைக்கும் ஓட்டற நமக்குப் பத்தொம்பதா?

"லாட்ஜுக்கு எதுக்குத் தண்டமா மூவாயிரம்?" இதைக் கேக்கறவரோட வண்டில நாப்பதாயிரம் ரூபாய்க்கு அலாய் வீல் இருக்கும். இதுக்கு மேல பதில் சொல்ல இஷ்டமில்ல.

"லீவு கிடைக்கல." இது ஒண்ணுதான் நியாயமான வாதம், மனசார ஒத்துக்கறேன். போக மூணு நாள், வர மூணு நாள்னா பத்து நாள் லீவுல பாதிக்கு மேல ரோட்டுலயே போயிடும். அப்ப கார் வேண்டாம். ரயில்ல போங்க. 2024 நவம்பர்லேர்ந்து முன்பதிவு 120 நாள்ல இருந்து 60 நாளாயிடுச்சு, அறுபதாவது நாள் காலைல எட்டு மணிக்கு உக்காருங்க. கிடைக்கலையா, இந்த வருஷம் போகாதீங்க, தீபாவளிக்குப் போங்க. லீவு இல்லைங்கறதுக்காகத் தூக்கத்தை வெட்டறது, காசு இல்லைங்கறதுக்காக பிரேக் இல்லாத வண்டி வாங்கற மாதிரி.

சரி, நிறுத்தித் தங்கணும்னு முடிவு பண்ணினா மட்டும் போதுமா? அதுலயும் அடி வாங்கியிருக்கேன். 2018-ல திருந்திட்டேன்னு நெனச்சு, "எங்க டயர்ட் ஆகுதோ அங்க தங்கிக்கலாம்"னு கெளம்பினோம். ஹூப்ளில ராத்திரி ஒன்பதரைக்கு நுழையறோம், அன்னைக்குப் பெரிய முகூர்த்தம். எந்த லாட்ஜுக்குப் போனாலும் வாசல்ல வாழைமரம், உள்ள மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க. அஞ்சாவது எடத்துல ஒரு ரூம் கிடைச்சது, மூணாவது மாடி, லிஃப்ட் ரிப்பேர், இந்தியன் டாய்லெட். மணி பதினொண்ணே கால். பசங்க மாடிப்படியிலயே தூங்கிட்டாங்க. அந்தத் தடவை மாமியார் கூட வந்திருந்தாங்க, முழங்கால் வலிக்காரங்க. அவங்க அந்த மாடிப்படியை ஏறின அழகை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். தங்கமணி ஒரு வாரம் எங்கூடப் பேசல.

அதுக்கப்புறம்தான் கெளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே உக்காந்து கணக்குப் போட ஆரம்பிச்சேன். ஒரு நாளைக்கு 450 கிலோமீட்டர், தவிர்க்க முடியாட்டி 500. இருட்டறதுக்குள்ள ரூம்ல இருக்கணும். மேப் காட்டற நேரத்தோட மூணுல ஒரு பங்கு சேர்த்துக்கணும், ஏன்னா மேப்புக்கு மூத்திரம் வராது. முதல் நாள் விடியக்காலம் அஞ்சரைக்குப் புனேயை விட்டா, காத்ரஜ், கம்பாட்கி காட் எல்லாம் கூட்டம் சேர்றதுக்குள்ள தாண்டிடலாம். மத்தியானம் பெலகாவி, சாயங்காலம் நாலு மணிக்கு ஹூப்ளி. 430 கிலோமீட்டர். முந்தின நாள் ஆபீஸ் போகக் கூடாது. போனாலும் ராத்திரி ஒன்பதரைக்குப் படுத்துடணும், மூட்டை கட்டறது ரெண்டு நாள் முன்னாடியே.

ரெண்டாம் நாள்தான் எங்க வீட்ல எல்லாருக்கும் புடிச்ச நாள். தாவணகெரேயில பென்னே தோசை, அதுக்கு மேல சித்ரதுர்கா கோட்டை. ஹைதர் அலி படை கோட்டைச் சுவர் ஓட்டை வழியா ஒவ்வொருத்தரா நுழையறப்ப, காவக்காரன் பொண்டாட்டி ஓபவ்வா உலக்கையாலயே போட்டுத் தள்ளினான்னு சொல்ற அந்தச் சந்தை என் பொண்ணு மூணு தடவை போய்ப் பார்த்தா. பத்து வருஷமா ராத்திரில தூங்கிக்கிட்டே தாண்டின ஊர் அது! அன்னைக்கு துமகூருல தங்கல். சின்ன தூரம்தான், வேணும்னேதான். சாயங்காலம் பெங்களூருக்குள்ள நுழைஞ்சா நெலமங்கலாலேர்ந்து ஓசூர் போய்ச் சேர்றதுக்குள்ள உசுரு போயிடும். மறுநாள் காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பி, நைஸ் ரோட்டைப் புடிச்சா ஆறரைக்கு எலெக்ட்ரானிக் சிட்டி. தொப்பூர் எறக்கத்தைப் பட்டப்பகல்ல, தெளிவான கண்ணோட, லாரிக்காரங்களுக்கு வழி விட்டு எறங்கலாம். சாயங்காலத்துக்குள்ள மதுரை. இந்த மூணாம் நாள் மட்டும் 500-ஐத் தொடும், ஆனா ரெண்டு ராத்திரி ஒழுங்காத் தூங்கின உடம்பு.

லாட்ஜுக்கு ஆப்ல காசு கட்டினதோட விட்டுடாதீங்க. முந்தின நாள் நேரா ஃபோன் போட்டுப் பேசுங்க. பெரியவங்க வர்றாங்க, கீழ்த்தளம் வேணும், வெஸ்டர்ன் டாய்லெட் வேணும், வண்டி காம்பவுண்டுக்குள்ள நிக்கணும். இந்த மூணையும் கேளுங்க. முகூர்த்த நாளான்னு காலண்டரையும் ஒரு புரட்டு புரட்டிக்கோங்க.

எங்க அப்பா 2017-க்கு அப்புறம் என் வண்டியில ஊருக்கு வரவே இல்ல. "ரயில்லயே வந்துடறேன்பா, காலை நீட்டிக்கலாம்"னு சொல்லுவார். நானும் வற்புறுத்தல. இந்த மே மாசம் கெளம்பறோம்னு போன வாரம் ஃபோன்ல சொன்னப்ப, "ராத்திரி எங்க தங்கறீங்க?"ன்னுதான் முதல்ல கேட்டார். ஹூப்ளி, துமகூருன்னேன். "கன்ஃபர்ம் ஆயிடுச்சா?"ன்னார். ஆயிடுச்சுப்பான்னேன்.

டிஸ்கி: பத்தொம்பது மணி நேர நண்பர் இதைக் கண்டிப்பாப் படிப்பார்னு தெரியும். இந்த வருஷமும் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கெளம்பறாராம். அண்ணே, சனிக்கிழமை காலைல கெளம்புங்க, ஹூப்ளில எங்க லாட்ஜுலயே இன்னும் ரெண்டு ரூம் காலியா இருக்கு. ராத்திரி சாப்பாட்டுல சண்டையை வச்சுக்கலாம்.