தாயம் பெரிதா? பத்தாயம் பெரிதா?

பகடையால் ராஜ்யத்தை இழந்தவர் தருமர். இந்தக் கதை தெரியாத வீடு இல்லை.

ஆனால், பகடையால் ராஜ்யத்தை ஆள முடியுமா?

முடியும் என்கிறது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு! அதன் பெயர் "டைஸ் லெகசி". இத்தாலி நாட்டைச் சேர்ந்த டெஸ்டினிபிட் என்ற குழுவினர் அதை உருவாக்கினார்கள். 2021-ம் ஆண்டு அது வெளிவந்தது.

அதை ஆடியவர்களின் கருத்து இரண்டு பட்டு நிற்கிறது. "எல்லாம் அதிர்ஷ்டம்" என்கிறது ஒரு கட்சி. "இல்லை, எல்லாம் புத்தி" என்கிறது மறு கட்சி.

எந்தக் கட்சி சொல்வது சரி? இதற்குத் தீர்ப்புச் சொல்ல நாஞ்சில் நாட்டுக்குத் தகுதி உண்டு. அது ராஜாக்கள் ஆண்ட மண். மழையைப் பார்த்து விதைத்த மண். திண்ணையில் தாயம் ஆடிய மண்!

ஆட்டம் எப்படி?

பழங்கால ஐரோப்பா போல ஒரு ராஜ்யம். புது நிலத்தில் ஒரு சிறு கூட்டம் வந்து குடியேறுகிறது. ஆடுகிறவர்தான் அதன் தலைவர்.

இதில் குடிமக்கள்தான் பகடைகள்! குடியானவன் ஒரு பகடை. சிப்பாய் ஒரு பகடை. உருட்டும்போது எந்த முகம் மேலே வருகிறதோ, அந்த வேலையைத்தான் அவனிடம் வாங்க முடியும்.

வேண்டிய முகம் விழவில்லையா? மறுபடியும் உருட்டலாம். ஆனால் உருட்ட உருட்டப் பகடை தேயும். கடைசியில் ஒரு நாள் அழிந்தே போகும். ராஜ்யத்தில் ஓர் ஆள் குறைந்துவிட்டான் என்று பொருள்!

அப்படி ஆகாமல் காப்பது எப்படி? தேய்ந்த பகடையைச் சமையற்கூடத்துக்கு அனுப்பிச் சோறு போட வேண்டும். சாப்பிட்டால் மறுபடியும் தெம்பு வரும்.

குளிர்காலம் வந்தால் தொல்லை கூடும். பகடைகள் குளிரில் உறைந்து போகும். முன்னதாகவே சேர்த்து வைத்தவர் பிழைப்பார். சேர்க்காதவர் ராஜ்யத்தை இழப்பார்.

இரு கட்சியின் வாதம்

"உணவு தேவைப்படும் நேரத்தில் உணவு முகம் விழவில்லை. மணிக்கணக்கில் கட்டிய ராஜ்யம் கவிழ்ந்துவிட்டது. இதில் என் தவறு என்ன?" என்பது முதல் கட்சியின் குறை. ஓயாமல் உருட்டிக்கொண்டே இருப்பது அலுப்பு என்றும் அது சொல்கிறது.

"பகடை யாருக்கும் பகை அல்ல. கையிருப்பு வைக்காமல் கட்டிடம் கட்டினால், கவிழாமல் என்ன செய்யும்?" என்று கேட்கிறது மறு கட்சி.

தாயம் ஆடிய பாட்டிமாருக்கு இந்த வழக்கு புதிதல்ல. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். அது அதிர்ஷ்டம். இறங்கிய பிறகு எந்தக் காயை நகர்த்துவது? எதிரியின் காயை வெட்டுவதா, தன் காயைக் காப்பதா? அது புத்தி. விழுவது கையில் இல்லை. நகர்த்துவது கையில் இருக்கிறது!

குளச்சலில் உருண்ட பகடை

நிஜ ராஜ்யத்திலும் இப்படி நடந்தது. 1741-ம் ஆண்டு டச்சுக்காரர்கள் குளச்சலில் இறங்கினார்கள். திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மாவின் படை அவர்களை வளைத்தது.

அப்போது என்ன நடந்தது? டச்சுக்காரர்களின் வெடிமருந்தில் தீப்பற்றியது. அந்தத் தீயில் அவர்களுடைய அரிசிக் கையிருப்பும் எரிந்து போனது. சோறு இல்லாத படை எத்தனை நாள் நிற்கும்? சரணடைந்தது!

தீப்பற்றியது அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு ராஜா செய்தது அதிர்ஷ்டம் அல்ல. பிடிபட்ட தளபதி டிலனாயை அவர் அழிக்கவில்லை. தம் படைக்குப் பயிற்சி தரச் செய்தார். பகைவனாக வந்தவர் திருவிதாங்கூரின் தளபதியாக உயர்ந்தார். 1777-ல் இறந்த அவருடைய கல்லறை இன்றும் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது.

நல்ல பகடை விழுவது ஒரு முறை. அதை முப்பது ஆண்டுக்கு மேல் பயன்படச் செய்தது ராஜாவின் புத்தி!

வானம் உருட்டும் பகடை

நாஞ்சில் நாட்டு விவசாயியும் பகடை ஆடியவர்தான். ஆண்டுக்கு இரண்டு ஆட்டம். தென்மேற்குப் பருவமழை ஒன்று. வடகிழக்குப் பருவமழை மற்றொன்று. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். மழை பெய்தால் தாயம். பொய்த்தால் பட்டினி.

மழையை வரவழைக்க முடியாது. வந்த மழையைத் தேக்கி வைக்க முடியும். அதற்காகவே கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை எழுந்தது. 1897-ல் தொடங்கிய வேலை 1906-ல் முடிந்தது. அரசு தண்ணீரைத் தேக்கியது. குடும்பம் நெல்லைத் தேக்கியது. எதில்? பத்தாயத்தில்!

வீட்டுக்குள் நின்ற அந்த மரப்பெட்டிதான் குடும்பத்தின் துணிவு. அடுத்த போகம் பொய்த்தாலும் பிள்ளைகள் பசியால் வாடாமல் காத்தது அதுதான்.

கெட்ட பகடை இப்போதும் விழுகிறது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியது. வாழையும் ரப்பரும் சாய்ந்தன. கடலுக்குப் போன மீனவர் பலர் திரும்பவில்லை. முன்னெச்சரிக்கையும் கையிருப்பும் எத்தனை அவசியம் என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிட்டது.

பணம் வைத்தால் வேறு கதை

"பகடை என்றாலே சூது அல்லவா? பிள்ளைகள் ஆடலாமா?" என்று பெற்றோர் கேட்பது நியாயம். சூதின் கேட்டைச் சொல்ல வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார்.

வேறுபாடு பகடையில் இல்லை, பந்தயத்தில் இருக்கிறது. ராஜ்ய விளையாட்டில் தோற்றால் திரையில் ஒரு நகரம் போகும். மறுபடியும் தொடங்கலாம். பணம் வைத்து ஆடினால் வீட்டுச் சோறு போகும். அதை மறுபடியும் தொடங்க முடியாது! ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழக சட்டசபை 2022-ல் சட்டம் செய்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025-ல் மத்திய அரசும் சட்டம் கொண்டு வந்தது. எனவே பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது ஒன்று: விளையாட்டில் பணம் கட்டிப் பணம் எடுக்கும் வழி இருக்கிறதா? இருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது.

அடுத்தது நேரம். பகடை தேய்வது போலப் பிள்ளையின் கண்ணும் தூக்கமும் தேயும். அதற்கும் ஓர் அளவு வேண்டும்.

தீர்ப்பு

இரு கட்சியிலும் பாதி உண்மை இருக்கிறது. பகடை அதிர்ஷ்டம்தான். ராஜ்யம் அதிர்ஷ்டம் அல்ல.

இந்த விளையாட்டில் உள்ள நல்ல பாடம் எது? மக்கள் தேய்வார்கள் என்பது! வேலை வாங்கிக்கொண்டே இருந்து சோறு போடாத தலைவன், ஒரு நாள் ஆளில்லாமல் நிற்பான். ராஜ்யத்துக்கும் இதுதான் விதி. வீட்டுக்கும் இதுதான் விதி. எல்லாருக்கும் உழைத்துத் தேயும் தாய்க்கு, "நீ சாப்பிட்டாயா அம்மா?" என்று கேட்கும் பிள்ளை அந்தப் பாடத்தைக் கற்றுவிட்டான்.

நாஞ்சில் நாட்டு வயல்கள் பல இன்று தென்னந்தோப்பாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்டன. பத்தாயம் இல்லாத வீடுகளில் பிள்ளைகள் வளர்கிறார்கள். "முன்கூட்டிச் சேர்த்து வை" என்பதை ஒரு விளையாட்டு நினைவூட்டினால் நல்லதுதான். ஆனால் அதை வீடே சொல்லிக் கொடுத்தால் இன்னும் நல்லது!

தாயம் விழலாம், விழாமலும் போகலாம். பத்தாயம் மட்டும் காலியாக இருக்கக் கூடாது.