பூமியில் நிற்காத குமிழி!

மல்லசமுத்திரத்துத் தெருவில் குழந்தைகள் ஊதும் சோப்புக் குமிழியைக் கவனித்திருக்கிறீர்களா? சோப்பு நீர் மெல்லக் கீழே இறங்கும். மேல்பக்கம் மெலிந்துகொண்டே வந்து, 'டப்'பென்று உடையும். புவியீர்ப்பு விசையும் செய்கிற வேலை அது.

அணுக்களால் குமிழி செய்ய நினைத்த விஞ்ஞானிகளுக்கும் இதே தலைவலிதான். ரூபிடியம் அணுக்களை மைனஸ் 273 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிருக்குக் கொண்டுபோனால், அவை எல்லாம் சேர்ந்து ஒரே அலைபோல நடந்துகொள்ளும். இப்படிச் சேரும் இயல்புள்ள துகள்களுக்கு 'போஸான்' என்று பெயர். 1924-ல் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டைனுக்குத் தன் கட்டுரையை அனுப்பிய நம் சத்யேந்திரநாத் போஸின் நினைவாக வந்த பெயர்!

காந்தப்புலமும் ரேடியோ அலையும் கொண்டு இந்த அணுக்களைக் குமிழியின் தோல்போலப் பரப்பலாம். ஆனால், பூமியில் அவை அடிப்பக்கமாகத் தேங்கிவிடும். அதனால், சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ள நாசாவின் குளிர் அணு ஆய்வகத்தில் சோதனை நடந்தது. உள்ளே வெற்றிடமாக அணுக் குமிழிகள் உருவாயின. 2022-ல் 'நேச்சர்' இதழில் வெளியான இந்த ஆய்வுக் குழுவில், பெங்களூரைச் சேர்ந்த கருந்துளை விஞ்ஞானி சி.வி.விஸ்வேஸ்வராவின் மகள் ஸ்மிதாவும் ஒருவர்.

எதற்கு இத்தனை பாடு? தட்டுக்கு ஓரம் உண்டு. குமிழிக்கு ஓரமே கிடையாது. அதன் தோலில் ஒரு சுழல் தனியாக இருக்க முடியாது. அதை ஈடுகட்ட எதிர்த்திசையிலும் சுழல் வேண்டும் என்கிறது கணக்கு. குமிழி முழுக்க ஒரே அலையாக மாறுவதை உறுதிசெய்து, அந்தச் சுழல்களைக் கண்ணால் பார்ப்பதுதான் அடுத்த சவால்!